வாடகை வீட்டுப் பிள்ளைக்கு முகவரி இல்லையா?

கடந்த முறை தரம் ஒன்று அனுமதிக்கான நேர்முகப் பரீட்சைகள் நடந்த நாட்களில், தெஹிவளையில் எமது ஒழுங்கையில் வசிக்கும் முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர் கையில் ஒரு கோவையோடு என்னிடம் வந்தார். மகளின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. "நானா, ஆறு வருஷமா இந்த ஒழுங்கையிலதான் ஈக்கிறோம். பேப்பர்லதான் இல்ல" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. கோவையில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கிளினிக் அட்டையும் முன்பள்ளிச் சான்றிதழும் இருந்தன. வாக்காளர் இடாப்பில் அவரது பெயர் இன்னும் ஊரிலேயே இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் பதியப்படவில்லை. மின்சாரப் பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும் வீட்டுக்காரரின் பெயரில் வருகின்றன. பாடசாலை அவரது வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தூரத்தைக் கணக்கிட வேண்டுமானால், முதலில் அவர் அங்கு வசிப்பதை ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது? தரம் ஒன்று அனுமதி தொடர்பான கல்வி அமைச்சின் அண்மைக் காலச் சுற்றறிக்கைகளைப் பார்த்தால் விளங்கும். இடங்களில் 50 வீதம் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கு உரியது. 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் ஏற்கனவே அங்கு படிப்பவர்களின் சகோதர சகோதரிகளுக்கு. மீதி 10 வீதம் கல்வித்துறை ஊழியர்கள், இடமாற்றம் பெற்ற அரச அலுவலர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு.

அதாவது, 40 வீதமான இடங்கள் அந்தப் பாடசாலையோடு ஏற்கனவே தொடர்புள்ள குடும்பங்களுக்கே செல்கின்றன. கிழக்கிலிருந்தோ, மன்னார், புத்தளத்திலிருந்தோ பிழைப்புத் தேடி இங்கு வந்த குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது முதல் 50 வீதம் மட்டுமே. அதிலும் ஐந்து ஆண்டு வாக்காளர் இடாப்புக்கும் வீட்டு உறுதிக்கும் புள்ளிகள் உண்டு. சொந்த வீட்டுக்காரரின் பிள்ளை முன்னே நிற்க, வாடகைக் குடும்பத்தின் பிள்ளை வரிசையின் கடைசிக்குப் போகிறது.

இந்தக் கடுமைக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரபல பாடசாலைகளுக்காகப் போலி ஆவணங்கள் தயாரிக்கப்படுவதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் போலி உறுதி தயாரிப்பதற்கும் பணம் வேண்டும். விதிகள் இறுக இறுக அடிபடுவது பணமில்லாதவர்தான். உறுதி என்பது வீடு யாருக்குச் சொந்தம் என்பதைத்தான் காட்டும். அங்கு யார் வசிக்கிறார் என்பதைக் காட்டாது. அதை அறிய நேரில் சென்று பார்ப்பதே வழி. அந்தக் களப் பரிசோதனை ஏற்கனவே நடைமுறையில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இந்த நாட்டின் பெருமை. 1997 இல் 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்விக்கான ஒழுங்குவிதிகள் வந்தன; 2016 இல் அது 16 வயது வரை நீடிக்கப்பட்டது. அரசியலமைப்பின் 27(2) ஆம் உறுப்புரை அனைவருக்கும் கல்வியில் சம வாய்ப்பை அரச கொள்கையாகக் குறிப்பிடுகிறது. ஆனால் அது வழிகாட்டிக் கோட்பாடு மட்டுமே; அதை வைத்து நேரடியாக நீதிமன்றம் செல்ல முடியாது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாவிட்டால் பெற்றோர் மீது நடவடிக்கை எடுக்கலாம். அனுப்ப வந்தவரைத் திருப்பி அனுப்பினால் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் 1987 இல் இயற்றப்பட்ட மக்கின்னி-வென்டோ சட்டம், நிலையான வீடில்லாத பிள்ளைகளின் கல்வியைப் பாதுகாக்கிறது. வதிவிட ஆவணங்கள் கைவசம் இல்லாவிட்டாலும் அத்தகைய பிள்ளையைப் பாடசாலை உடனடியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆவணங்களைப் பிறகு தேடலாம். முதலில் பிள்ளை, பிறகு காகிதம் என்ற இந்த ஒழுங்கு எமக்கும் பொருந்தும்.

2026 இல் தரம் ஒன்றிலிருந்து புதிய கல்விச் சீர்திருத்தம் ஆரம்பமாகியிருக்கிறது. பாடத்திட்டம் பற்றி நிறையப் பேசுகிறோம். வகுப்பறைக்குள் நுழைய முடியாத பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும். கல்வி அமைச்சிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. வாடகைக் குடும்பங்களுக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றும் கிளினிக், முன்பள்ளி ஆவணங்களும் களப் பரிசோதனையும் போதுமானவையாக ஏற்கப்பட வேண்டும். அருகில் வசிப்போருக்கான இடங்களில் ஒரு பகுதி அஸ்வெசும பெறும் குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். நிராகரிக்கப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே மொழிமூலத்தில் அருகிலுள்ள இன்னொரு பாடசாலையை வலயக் கல்வி அலுவலகமே பெற்றுக்கொடுக்க வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு எமது கடமை முடிந்துவிடாது. தெஹிவளையில் வாடகைக்கு வீடு கொடுப்போரில் எம்மவர்களும் இருக்கிறார்கள். வாடகைக்காரரின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறினால் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். எனது வீட்டின் மேல்மாடியும் வாடகைக்குத்தான் இருக்கிறது. நானும் இதே பயத்தில் இரண்டு வருடங்கள் அந்தப் படிவத்தைத் தட்டிக்கழித்தவன்தான். இடாப்பில் பெயர் இருப்பதால் யாருக்கும் வீட்டு உரிமை கிடைத்துவிடாது. நான் தாமதித்த இரண்டு வருடங்களும் அந்தக் குடும்பத்தின் பிள்ளைக்குக் குறையப்போகும் புள்ளிகள். இதை விளங்கிக்கொள்ள, சாரதியின் கோவையைப் பார்க்கும் வரை எனக்குக் காலம் எடுத்தது.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு ஜும்ஆவுக்குப் பின் கிராம உத்தியோகத்தரை அழைத்து, மஹல்லாவின் வாடகைக் குடும்பங்களுக்குப் பதிவு உதவி செய்யலாம். ஒப்பந்தத்தைப் பதியும் செலவை ஸதகா நிதியிலிருந்து கொடுக்கலாம். இதற்குப் பெரிய தொகை தேவையில்லை.

சாரதியின் மேன்முறையீட்டுக் கடிதத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். முடிவு இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளை தினமும் காலையில், சீருடையோடு போகும் அயல் வீட்டுப் பிள்ளைகளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.