பிள்ளை பாஸ்... ஆனால் வாசிக்கத் தெரியுமா?

ஆலந்தலை:-

"பிள்ளை பாஸா, பெயிலா?"

பரீட்சை முடிவு வந்ததும் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். "பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?" என்று கேட்பவர்கள் குறைவு.

திருச்செந்தூர் பக்கத்தில் உள்ள மீனவர் ஊரான ஆலந்தலை ஆனாலும் சரி, தூத்துக்குடி டவுன் ஆனாலும் சரி, கதை ஒன்றுதான். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் பரீட்சை எது? பொதுத்தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டையில் இது அடிபட்டுப் போகிறது.

வைத்தார்கள், எடுத்தார்கள்!

2017-ல் பிளஸ்-1 வகுப்புக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகளில் பிளஸ்-1 புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 2 வருஷமும் பிளஸ்-2 பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. "மாநிலத்தில் முதல் இடம்" என்று ரேங்க் அறிவிக்கும் வழக்கமும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது.

2019 செப்டம்பரில் 5, 8-ம் வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2020 பிப்ரவரியில் அது ரத்து ஆனது.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அதோடு பிளஸ்-1 பொதுத்தேர்வும் போயிற்று.

இப்போது 8-ம் வகுப்பு வரை பெயில் கிடையாது. முதல் பொதுத்தேர்வு 10-ம் வகுப்பில்தான். சின்னப் பிள்ளையைப் பெயில் போட்டு வீட்டுக்கு அனுப்பாதது நல்லதுதான். பெயில் போட்டால் பிள்ளை படித்துவிடாது. வலைக்கோ வேலைக்கோ போய்விடும்.

ஆனால் 3-ம் வகுப்பில் எழுத்துக்கூட்ட முடியாமல் நின்றுபோன பிள்ளையின் நிலைமை, 10-ம் வகுப்பு மார்க்கு வந்த பிறகுதானா வீட்டுக்குத் தெரிய வேண்டும்? இடையில் போனது 7 வருஷம்!

மூன்று வேலை, மூன்று பரீட்சை

பரீட்சை என்று ஒரே பெயரில் சொன்னாலும், அதற்கு வேலை மூன்று.

ஒன்று, காலேஜுக்கும் வேலைக்கும் ஆள் பிரிப்பது. இதற்குப் பொதுத்தேர்வு. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம், யாரோ ஒருவர் திருத்துவார். சிபாரிசுக்கு இடம் குறைவு. ஏழைப் பிள்ளைக்கு அது ஒரு பாதுகாப்பு.

இரண்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் படிப்பு எப்படி இருக்கிறது என்று அரசாங்கம் பார்ப்பது. 2025 பிப்ரவரியில் 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு நடந்த மாநில அளவிலான அடைவுத் தேர்வு இந்த ரகம்.

மூன்று, இந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று வாத்தியார் கண்டுபிடிப்பது. இதற்குப் பெரிய பரீட்சை உதவாது. தினசரி வாய்க்கேள்வி, சிலேட்டில் ஒரு கணக்கு, வாரம் ஒரு சின்ன டெஸ்ட் போதும்.

ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுத்தால் கோளாறுதான். அடைவுத் தேர்வில் மாவட்டம் முதலிடம் வந்தாலும், கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குக் கழித்தல் வந்துவிடாது.

குருட்டாம்போக்கில் 5 மார்க்கு!

"சரியான விடையைத் தேர்ந்தெடு" கேள்விகளைத் திருத்துவது சுலபம். ஆனால் 4 விடையில் ஒன்று சரி என்றால், 20 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரி 5 சரியாக விழும். வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கும் அந்த 5 கிடைக்கும்.

கட்டுரைக் கேள்வியில் வேறு வில்லங்கம். "நிலக்காற்று என்றால் என்ன?" என்று கேட்டால் கைடில் உள்ள வரியை ஒப்பித்துவிடுவார்கள். "பாய் விரித்த வள்ளம் விடியுமுன் கடலுக்குள் போகக் காற்று உதவியது ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் கடலைவிடக் கரை சீக்கிரம் குளிரும், அதனால் காற்று கரையில் இருந்து கடலைப் பார்த்து வீசும் என்று புரிந்தவன்தான் பதில் சொல்வான். பாடம் ஒன்றுதான். கேள்வி மாறினால் குட்டு வெளியாகிறது.

வலை பொத்தத் தெரியுமா என்று கடற்கரையில் யாரும் எழுதச் சொல்லிப் பார்ப்பது இல்லை. கிழிந்த வலையைக் கையில் கொடுக்கிறார்கள். தெரியுமா, தெரியாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மணலில் எழுதிய காலம்

இது புது விஷயம் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். தப்பு என்றால் அப்போதே அழித்து மறுபடி எழுதலாம். சென்னையில் ராணுவ அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதும் முறையைத் தம் பள்ளிக்கும் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துச் சரிபார்க்கும் முறையையும் நடத்திப் பார்த்து, 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டார். அது இங்கிலாந்துப் பள்ளிகள் வரை பரவியது.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 2012-ல் வந்த முப்பருவ முறையில், 100 மார்க்கில் 40 வகுப்பில் நடக்கும் செயல்பாட்டுக்கும் சின்ன டெஸ்டுக்கும், 60 பருவத் தேர்வுக்கும் என்று பிரித்தார்கள். 2022-ல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் பிள்ளைகளை முதலில் சோதித்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பாடம் நடத்தச் சொன்னார்கள்.

யோசனை நல்லதுதான். ஆனால் சோதிக்கிற வாத்தியாருக்கு நேரம் வேண்டும். பதிவேடு நிரப்புவதிலேயே பொழுது போனால், 40 மார்க்கும் பேப்பரில் மட்டும் ஏறும். பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒரே பரீட்சையை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2021-ல் பார்த்தாயிற்று. கொரோனாவால் பிளஸ்-2 பரீட்சை ரத்து. 10-ம் வகுப்பு மார்க்கில் 50 சதவீதம், பிளஸ்-1-ல் 20, பிளஸ்-2 செய்முறை, உள்மதிப்பீட்டில் 30 என்று கூட்டித்தான் மார்க்கு போட்டார்கள். முந்தைய சின்னக் கணக்குகள்தான் அன்றைக்குக் கைகொடுத்தன.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு தேடிப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கிறது. முறை ரொம்ப எளிது. ஒரு பிள்ளை, ஒரு ஆள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, 2-ம் வகுப்பு அளவில் ஒரு கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்வார்கள். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். எந்தப் படியில் தடுக்குகிறதோ அதுதான் பிள்ளையின் நிலை. சில நிமிஷ வேலை.

இதைக் கடையில், வீட்டில் யாரும் செய்யலாம். பாடப்புத்தகம் வேண்டாம்; அது மனப்பாடமாக இருக்கும். இன்றைய பத்திரிகையைக் கையில் கொடுத்து நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். "என்ன போட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். பஸ் சார்ஜ் போக மீதி எவ்வளவு என்று கேளுங்கள்.

தடுக்கினால் அடிக்க வேண்டாம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், "மார்க்கு எவ்வளவு?" என்று கேட்காமல், "எந்த இடத்தில் நிற்கிறான்?" என்று வாத்தியாரிடம் கேளுங்கள். பொதுத்தேர்வு வருவதும் போவதும் சென்னையில் முடிவாகிற விஷயம். இந்த ஒரு கேள்வியைக் கேட்க எந்த அரசாணையும் தேவை இல்லை.