மை தடவிய இலையும் பறிபோன பாடவேளையும்

வேப்பிலையின் இரு தோள்களும் ஒரே உயரத்தில் இரா. நடுநரம்பின் ஒரு பக்கம் சற்றே மேலேறியும் மறுபக்கம் கீழிறங்கியும் காம்பைத் தொடும். அம்மை கண்ட வீட்டின் வாசலில் செருகியும், ஆடித் திருவிழாவில் கட்டுக்கட்டாய்த் தோரணம் கட்டியும் தலைமுறை தலைமுறையாக அவ்விலையோடு வாழ்ந்து வருகின்றோம். இக்கோணலைக் கண்டவர் நம்முள் மிகச் சிலரே. அதே இலையில் மை தடவித் தாளில் பதித்தெடுக்கும் எட்டு வயதுக் குழந்தை ஒரு நாழிகைக்குள் அதனைக் கண்டுவிடும்.

இலையச்சுக்குப் பெரும்பொருள் வேண்டா. விளக்குக்கரியில் சிறிது எண்ணெய் குழைத்தால் மை ஆயிற்று. பழந்துணியில் பஞ்சைப் பொதிந்து முடிந்தால் அதைப் பூசும் கருவியும் ஆயிற்று. நரம்புகள் புடைத்து நிற்கும் அடிப்புறத்திலேயே பூச வேண்டும். மையை அப்பிவிட்டால் நரம்புகள் மூழ்கி, பதிவது வெறுங்கறையாகும். முதல் இரண்டு மூன்று தாள்கள் எல்லாக் குழந்தைக்கும் அவ்வாறே பாழாகும், பாழாகட்டும். மை மெலிந்த நான்காம் தாளை விரலால் அழுத்தி மெல்லத் தூக்கும்போது, பூவரசிலையில் காம்படியினின்று விரல் விரித்தாற்போல் நரம்புகள் பிரிவது தெரியும். அரசிலையின் நுனி வாலாக நீண்டு கிடக்கும். புங்கனிலையிலோ புழு தின்று சென்ற தடமும் சேர்ந்து பதிந்திருக்கும். "நல்ல இலையாகப் பார்த்துப் பறித்து வா" என்று அதனை ஒதுக்கும் ஆசிரியர், புழுவோடும் பறவையோடும் தொடர்பற்றுத் தனியே நிற்பது மரம் என்னும் பொய்யை அறியாமலே கற்பித்துவிடுகிறார்.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று எள்ளுவார்க்கு ஒன்று சொல்வோம். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலியனார்டோ டா வின்சி, சேஜ் என்னும் மணத்தழையின் இலையைத் தம் குறிப்பேட்டில் அச்சிட்டு, செய்முறையையும் அருகில் எழுதி வைத்தார். ஒளியும் நிழலும் தாம் எண்ணியதற்கு மாறாகப் பதிந்ததையும் மறைக்காமல் குறித்தார். 1730-களில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் பணத்தாள் அச்சிட்ட பெஞ்சமின் பிராங்க்ளின், இலையின் பதிவை உலோகத்தில் வார்த்து அத்தாள்களில் பொறித்தார். எந்தச் செதுக்குநராலும் இலைநரம்பின் நுண்மையை ஒப்பச் செதுக்க இயலாது என்பதே கள்ளப் பணத்துக்கு எதிரான காவல். நம் சென்னையிலும் 1857-இல் ஹென்றி சிமித் என்பவர் செடிகளையே வைத்து அச்சிட்டெடுத்த மாதிரித் தொகுப்பொன்று வெளியாயிற்று.

தமிழர்க்கு இவ்வகைப் பார்வை புதிதன்று. வயிரம் என்னும் கெட்டிப்பகுதி புறத்தே உள்ளதைப் புல் என்றும், அகத்தே உள்ளதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் புல்லினம்; இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு ஒருவிதையிலைத் தொகுதியில்தான் வைக்கிறது. ஓலை, மடல், ஏடு என்பன புல்லின் உறுப்புப் பெயர்கள். இலை, தளிர், முறி என்பன மரத்துக்குரியவை. இதனை மனப்பாடமாக ஒப்பித்த மாணவன் தேர்வு முடிந்ததும் மறப்பான். தென்னங்கீற்றைப் பதித்து நெடுங்கோடுகளையும், மாவிலையைப் பதித்து வலைப்பின்னலையும் அருகருகே கண்டவனுக்கோ, இரண்டுக்கும் இருவேறு பெயர் வைத்த காரணம் கண்ணெதிரே கிடக்கிறது.

மரத்தடியிலேயே வகுப்பு நடந்த சாந்திநிகேதனத்தில் 1928-இல் மரநடு விழாவைத் தொடங்கிய தாகூர், 1930-இல் குழந்தைகளுக்கு எழுதிய 'சகஜ் பாட்' என்னும் அரிச்சுவடிக்கு நந்தலால் போசின் லினோ அச்சுப் படங்களையே அணியாக்கினார். கற்பிக்கும் நூலிலேயே செதுக்குளியின் தடம் இருந்தது. நம் பள்ளிகளிலோ உலகச் சுற்றுச்சூழல் நாளான சூன் 5 வந்தால் உலக உருண்டையை இரு கைகள் தாங்கும் ஒரே படத்தைப் பிள்ளைகள் ஆண்டுதோறும் வரைகின்றனர். அதற்கே பரிசும் தருகின்றோம். வாயிலில் நிற்கும் மரத்தின் பெயரை எவரும் கேட்பதில்லை.

குறை குழந்தைகளிடம் இல்லை. ஓவியப் பாடவேளை அட்டவணையில் இருக்கும். தேர்வு நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் கைமாறிவிடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். அவர்கள் கற்பிக்க அமர்த்தப்பட்டது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கே. பணிநிலைப்பு வேண்டி அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றனர். இலையைக் கையிலேந்தி வியக்கும் பருவமோ ஆறாம் வகுப்புக்கு முந்தைய ஐந்து வகுப்புகளில் கழிந்துவிடுகிறது. பகுதிநேரக் கூலியென ஆசிரியரை வைத்துக்கொண்டு கலைக்கல்வியின் பெருமை பேசுதல் நேர்மையன்று.

புதிய திட்டமோ பெயர்சூட்டு விழாவோ நாம் கேட்கவில்லை. ஓவியப் பாடவேளையைப் பிற பாடங்களுக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தை இக்கல்வியாண்டிலேயே நிறுத்துக. தொடக்கப் பள்ளிகளுக்கும் கலையாசிரியரை நிலையான பணியில் அமர்த்துக எனப் பள்ளிக்கல்வித் துறையை வேண்டுகின்றோம். அதுவரை தலைமையாசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வளாகத்தில் உதிர்ந்த இலைகளைப் பெருக்கி எரிக்குமுன் ஒரு கூடை அள்ளி மூன்றாம் வகுப்புக்கு அனுப்புக.