அங்கீகாரம் இருந்தால் போதுமா?

அமெரிக்காவில் இலாப நோக்குப் பல்கலைக்கழகம் என்பது உரிமையாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் இலாபம் ஈட்டித் தரச் சட்டம் அனுமதிக்கும் நிறுவனம். இதில் சேர்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைப் போடுகிறார்கள்: அங்கீகாரம் இருக்கிறது, அரசே கல்விக் கடன் கொடுக்கிறது, அப்படியானால் பாடத்தின் தரத்தையும் அரசு பார்த்திருக்கும். இந்த நம்பிக்கை தவறானது. பல இலட்சம் பேரைத் தீராக் கடனில் தள்ளியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

அங்கே கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்குவது அரசு அல்ல, தனியார் அமைப்புகள். அவற்றின் செலவை ஈடுகட்டுவது உறுப்புக் கல்லூரிகள் கட்டும் கட்டணம். சோதிக்கப்படுபவர் கொடுக்கும் பணத்தில் சோதிப்பவர் பிழைக்கும் ஏற்பாட்டிலிருந்து கண்டிப்பை எதிர்பார்க்க முடியாது. இலாப நோக்கு நிறுவனங்களான ஐடிடி டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டுக்கும் கொரிந்தியன் கல்லூரிகளின் பல வளாகங்களுக்கும் அங்கீகாரம் கொடுத்தது ஏசிஐசிஎஸ் என்ற அமைப்பு. கொரிந்தியன் 2015 ஏப்ரலிலும் ஐடிடி 2016 செப்டம்பரிலும் இழுத்து மூடப்பட்டன. அந்த அமைப்பை ஏற்பதில்லை என்று கல்வித் துறை 2016இல் முடிவெடுத்தது. 2018இல் மீண்டும் ஏற்றது. 2022இல் மறுபடியும் கைவிட்டது. மாணவர் நம்பும் முத்திரையின் உறுதி இவ்வளவுதான்.

அரசுக் கடனும் தரச்சான்று அல்ல. இத்தகைய நிறுவனம் தன் வருவாயில் 90 விழுக்காடு வரை கூட்டரசின் மாணவர் உதவிப் பணத்திலிருந்தே பெறலாம். மீதி 10 விழுக்காடு வேறு வழியில் வர வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கான கல்வி உதவியும் அரசுப் பணம்தான். ஆனாலும் 2023 வரை அது அந்த 10 விழுக்காட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. படைவீரர்களைத் தேடித் தேடிச் சேர்த்ததற்கு இதுவே காரணம்.

சேர விரும்புபவர் முதலில் சந்திப்பது பேராசிரியரை அல்ல, சேர்க்கை ஆலோசகர் எனப்படும் விற்பனையாளரை. செனட்டர் டாம் ஹார்கின் தலைமையிலான குழு 30 நிறுவனங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கை இதை அம்பலப்படுத்தியது. ஆள்சேர்ப்பில் இருந்தவர்கள் 35,202 பேர். வேலைவாய்ப்புப் பிரிவிலோ 3,512 பேர். கற்பித்தலுக்குச் செலவிட்டதைவிட விளம்பரத்துக்கும் ஆள்சேர்ப்புக்கும் செலவிட்டது அதிகம். ஐடிடியில் ஆலோசகர்களுக்கு ‘வலிப் புனல்’ என்றொரு கேள்வி முறை கற்றுத்தரப்பட்டது. எதிரில் இருப்பவரின் வாழ்க்கையில் எது வலிக்கிறது என்று தொடங்கி, அதை மாற்ற என்ன முயன்றார், ஏன் முடியவில்லை என்று ஒவ்வொரு கேள்வியாக ஆழம் போய், அவர் மனம் உடையும் தருணத்தில் படிப்பைத் தீர்வாகக் காட்டும் முறை அது. வறுமையில் இருப்பவரின் அவமானத்தைச் சேர்க்கைக்குக் கருவியாக்குவது கொடுமை.

சேர்ந்த பிறகு கட்டணம் உறுத்தத் தொடங்கும். அதே பாடம் அரசின் சமுதாயக் கல்லூரியில் பெரும்பாலும் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். பாதியில் அங்கே மாறலாம் என்றால், இங்கே பெற்ற கிரெடிட்டுகளை மற்றக் கல்லூரி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேலை வாக்குறுதியும் அப்படியே. பெரிய நிறுவனங்களுடன் வேலைவாய்ப்புத் தொடர்பு இருப்பதாகப் பொய்யாக விளம்பரம் செய்தது என்ற குற்றச்சாட்டில், ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் 2019இல் 19.1 கோடி டாலருக்கு உடன்பாட்டுக்கு வந்தது. படிப்பை விட்டாலும் கடன் விடாது. திவால் மனுவில்கூட கல்விக் கடன் எளிதில் கழியாது.

ஏமாந்தவர்களின் கடனை அரசு தள்ளுபடி செய்துவிட்டதே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். கொரிந்தியன் மாணவர்கள் 5.6 இலட்சம் பேரின் 580 கோடி டாலர் கடன் 2022இல் தள்ளுபடியானது உண்மை. ஆனால் கல்லூரி மூடி அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எந்தத் துறையாலும் முடியாது.

இந்தியாவிலிருந்து செல்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கலிஃபோர்னியாவின் ட்ரை வேலி பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அரசு அனுமதி இருந்தது. 2011இல் விசா மோசடிக் குற்றச்சாட்டில் அங்கே சோதனை நடந்தபோது சிக்கியவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள்; சிலரது கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டப்பட்டது.

இத்தகைய நிறுவனங்களில் படித்து முன்னேறியவர்களும் உண்டு. ஆனால் சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைச் சேர்க்கை ஆலோசகரிடம் கேட்டுப் பயனில்லை. இந்தக் கிரெடிட்டை ஏற்பீர்களா என்று அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்திடமும், இந்தப் பட்டத்துக்கு உரிமம் தருவீர்களா என்று தொழில் உரிம வாரியத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.