கைதிக் கம்பெனியில் உத்தியோகம்

“காப்டிவ் இன்ஷூரன்ஸ்” என்றதும், கைதிகளுக்குக்கூட இன்ஷூரன்ஸா என்று நேயர்கள் திகைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து உருக்குக் கம்பெனி ஒன்று, தன் உபயோகத்துக்கென்றே வைத்திருந்த சுரங்கங்களை அப்படி அழைத்தது. ஒரு ஸ்தாபனம் தன் நஷ்டங்களை ஈடுசெய்யத் தானே தொடங்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் 1950-களில் பிரெடரிக் ரைஸ் என்பவர் அப்பெயரையே சூட்டினார்.

1981-ல் இதற்கெனச் சட்டம் செய்த வெர்மாண்ட் மாகாணத்தில், படித்த வாலிபர்களுக்கு இது நல்ல உத்தியோகம். இக்கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் சொந்தச் சிப்பந்திகள் கிடையாது. நிர்வாக ஸ்தாபனத்தில் அமரும் இளங்கணக்கர் பல கம்பெனிகளின் கணக்குகளை ஏககாலத்தில் கவனிக்கிறார். பிரீமியம், நஷ்டஈடு, மறு இன்ஷூரன்ஸ், சர்க்கார் பரிசோதனை யாவும் விரைவில் அத்துபடியாகின்றன. பெரிய ஆபீஸில் ஒரே பாரத்தைப் பூர்த்தி செய்து தலை நரைப்பதைவிட இது மேல் என்பது நம் அபிப்பிராயம்.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. இங்கே பிரீமியம் கட்டுபவரும், கம்பெனிக்குச் சொந்தக்காரரும் ஒருவரே. பணமுடை வந்தால், பெட்டியில் இருப்பதைக் கடனாக எடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றும். அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியை முன்கூட்டியே பெறாமல் அப்படிச் செய்யக்கூடாது என்பது வெர்மாண்ட் சட்டம். அதை முதலாளியின் முகத்துக்கு நேரே, மரியாதை குன்றாமல், இருபத்தைந்து வயதுப் பிள்ளை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பணத்தை எதிர்பார்த்திருப்பவர், ஆலையில் கை இழந்த ஒரு தொழிலாளியாகவும் இருக்கலாம்.