சிவப்பு ஏன் நீலமாயிற்று?

நிரல் எழுதுகிறவனுக்குக் கைதட்டல் உண்டு. அதைச் சோதிக்கிறவனுக்கு இல்லை. ‘டெஸ்ட் எழுதுவது’ என்றாலே, வேறு யாராவது செய்துவிட்டுப் போகட்டும் என்ற எண்ணம் நம் துறை மாணவர்களிடையே பரவிக் கிடக்கிறது. இவ்வெண்ணம் தவறு என்பதே என் துணிபு. அதை நிறுவ ஒரே ஓர் எடுத்துக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வரலாறும் பொருளியலும் பயிலும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

கணிப்பொறித் திரையில் தோன்றும் படம் எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் எவ்வளவு எவ்வளவு என்பதைக் குறிக்கும் எண்களே அதன் உயிர். மென்பொருள்கள் பலவும் நிறம் ஒன்றுக்கு 8 பிட், சும்மா விடப்படும் 8 பிட், ஆக 32 பிட் என்ற அமைப்பில் படத்தைத் தருகின்றன. ஆனால் சிறிய, மலிவான திரைகள் பல 16 பிட்டைத்தான் ஏற்கும்: சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. (பச்சைக்கு மட்டும் ஏன் ஒன்று கூடுதல் என்று கேட்கலாம். நம் கண் பச்சையின் ஏற்ற இறக்கத்தை மிக நுட்பமாக உணர்வதே காரணம்.) 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் 65,536 நிறங்களுக்குள் அடங்கியாக வேண்டும். அடக்குகிற வேலை கிராபிக்ஸ் டிரைவருடையது.

லினக்ஸ் கருநிரலில் இதற்கென்றே பொதுவான செயற்கூறுகள் இருக்கின்றன. 2020 ஜனவரியில் வெளிவந்த 5.5ஆம் பதிப்பில் கேயூனிட் என்னும் சோதனைச் சட்டகம் அதில் இடம்பெற்றது. 2022இல் இந்த நிற மாற்றச் செயற்கூறுகளுக்கும் சோதனைகள் எழுதப்பட்டன. ‘இதில் சோதிக்க என்ன இருக்கிறது? சிவப்பில் கடைசி 3 பிட்டைத் தள்ளு, பச்சையில் 2, நீலத்தில் 3, மூன்றையும் ஒட்டவை, முடிந்தது கதை’ என்பார்கள் சிலர். கதை அங்கேதான் தொடங்குகிறது!

முழு வெள்ளையை மாற்றினால் 65,535 வரும், கருப்புக்கு 0. இவ்விரண்டையும் சோதித்து ‘சரி’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? நிரலில் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருந்தாலும் இந்த இரண்டு விடைகளும் மாறா! பச்சையைச் சேர்த்துச் சோதித்தாலும் பயனில்லை. பச்சை நடுவில் இருப்பது. சிவப்பும் நீலமும் சம அளவில் கலந்த மெஜந்தாவும் காட்டிக்கொடுக்காது. தனிச் சிவப்பைக் கொடுத்து 63,488 வருகிறதா, தனி நீலத்தைக் கொடுத்து 31 வருகிறதா என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஆக, எந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறோம் என்பதில்தான் அறிவு வேலை செய்கிறது.

இன்னொரு விபரீதம் பைட்டுகளின் வரிசை. ஓர் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கும் இயந்திரங்களும் உண்டு; பெரிய பகுதியை முதலில் வைக்கும் ஐ.பி.எம். எஸ்390 போன்றவையும் உண்டு. சிவப்பைக் குறிக்கும் 63,488இன் இரண்டு பைட்டுகளும் இடம் மாறினால் 248 ஆகிவிடும். அதைப் பிரித்துப் படித்தால் சிவப்பு 0, பச்சை 7, நீலம் 24. சிவப்பு நீலமாவது இப்படித்தான். மேலே சொன்ன லினக்ஸ் சோதனைகளும் தொடக்கத்தில் முதல் வகை இயந்திரத்தை மனத்தில் கொண்டே எழுதப்பட்டமையால், இரண்டாம் வகையில் தோற்றுப் பின்பு திருத்தப்பட்டன.

எதிர்த்திசை மாற்றத்தில் வேறொரு வலை. 5 பிட்டை 8 பிட்டாக்க 8ஆல் பெருக்கினால் போதாதா? போதாது. மிகுதியான அளவாகிய 31, 248 ஆகுமே அன்றி 255 ஆகாது. வெள்ளை வேட்டி சற்றே அழுக்கேறிவிடும். எனவே மேல் 3 பிட்டுகளைக் கீழே மீண்டும் ஒட்டுகிறார்கள். அப்போது 31 என்பது 255 ஆகிறது, 16 என்பது 132 ஆகிறது. ‘திரையைக் கண்ணால் பார்த்துச் சொல்லலாமே’ என்பவர்களைக் கேட்கிறேன்: 248க்கும் 255க்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கண் சொல்லுமா?

ஒரே ஒரு பிக்சலைச் சோதிப்பதும் போதாது. ஒரு வரியில் 6 பைட் நிறமே இருந்தாலும், அடுத்த வரி 10 பைட்டுக்குப் பின்னரே தொடங்குமாறு திரை அமைந்திருக்கலாம். அதை மறந்த நிரலில் முதல் வரி அழகாக இருக்கும். மற்றவை சரிந்து போகும்.

இனி என் முக்கியமான குறைக்கு வருகிறேன். பல ரெக்கார்டு நோட்டுகளில் நிரலை ஓட்டி, அது தந்த விடையையே ‘எதிர்பார்க்கும் விடை’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. குற்றவாளியையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போன்றது இது. நிரலில் உள்ள சூத்திரத்தையே சோதனையிலும் எழுதி ஒப்பிடுவதும் அவ்வாறே. இரண்டும் சேர்ந்தே தவறும். விடையைக் கையால் கணக்கிட்டு, எண்ணாகவே எழுதிவைக்க வேண்டும்.

அப்படிக் கணக்கிடும்போது நல்ல கேள்விகள் பிறக்கின்றன. நிறப்படத்தைச் சாம்பல் நிறமாக்க, பிடி.601 என்னும் தர வரையறை சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 பங்கு எடுக்கச் சொல்கிறது. லினக்ஸ் செயற்கூறோ 3, 6, 1 என்று முழு எண்களாக எடுத்து 10ஆல் வகுக்கிறது. முழுப் பச்சைக்கு வரையறைப்படி ஏறத்தாழ 150, லினக்ஸில் 153. எது சரி? சோதனையில் 153 என்றே எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஏற்கிறேன். எளிமைக்காக இவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்பது அங்கே ஒளிவுமறைவின்றிப் பதிவாகிறது. நாளை யாராவது சூத்திரத்தை மாற்றினால் சோதனை தோற்கும். மாற்றியவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். செய்முறைத் தேர்வில் நிரலுக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கலாம். முதற் பயிற்சியாக இந்த 16 பிட் மாற்றத்தையே கொடுக்கலாம். கேயூனிட் சோதனைக்குத் தனித் திரையோ விலை மிகுந்த அட்டையோ தேவையில்லை. லினக்ஸ் உள்ள சாதாரணக் கணிப்பொறியிலேயே ஓடும். எட்டு நிறங்களுக்கு விடை காண ஒரு தாளும் ஒரு பாடவேளையும் போதும்.

— மூன்றாமாண்டு மாணவன், கணினி அறிவியல்