மயில்கழுத்துப் பாவாடை

நீதிபதி ஐயா, போக்சோ கேஸை ஒரு வருஷத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தின் 35ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. பிள்ளையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் வாங்கிவிட வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் வக்கீலம்மா படித்துக் காட்டினார். அப்பீலை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கேட்டேன். புத்தகத்தை மூடிவிட்டார். அதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாதாம்.

நான் ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். மார்கழி, தையில் வரும் வெள்ளைக்காரர்களுக்குப் பருத்திச் சட்டை, பைஜாமா. மற்ற மாசங்களில் ஜாக்கெட், பள்ளிச் சீருடை. என் மகளின் கேஸில் கீழ் கோர்ட் குற்றவாளி என்று சொன்ன ஆளின் வீடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். உள்ளே போனான். அப்பீல் போட்டான். தண்டனையை நிறுத்திவைத்தார்கள், வெளியே வந்துவிட்டான். எனக்கு யாரும் சொல்லவில்லை. பௌர்ணமி அன்று அக்னி லிங்கம் பக்கம் அன்னதானப் பந்தலில் சாம்பார் சாதம் அள்ளி வைத்துக்கொண்டு நின்றவனை என் மகள்தான் முதலில் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் செங்கம் சாலையில் கால் வைப்பதில்லை. டியூஷனுக்குச் சந்து சந்தாகச் சுற்றிப் போகிறாள். அவன் மெயின் ரோட்டில் போகிறான்.

குற்றவாளி உள்ளே இருக்கிறானா, வெளியே வந்துவிட்டானா என்பதைப் பிள்ளையின் வீட்டுக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்று 2020ஆம் வருஷத்துப் போக்சோ விதிகளில் இருக்கிறதாம். இருக்கட்டும்.

அப்பீல் மனுவின் நகலை வாங்கிப் படித்தேன். முதல் காரணமே என் மகளின் பாவாடைதான். போலீசில் பச்சைப் பாவாடை என்று சொன்னாள், கோர்ட்டில் நீலப் பாவாடை என்று சொன்னாள், ஆகவே அவள் சொல்வதை நம்ப முடியாது. ஐயா, அது நான் தைத்த பாவாடை. தீபாவளிக்குத் தைத்தது. மயில்கழுத்து நிறம். வெயிலில் பிடித்தால் பச்சை, நிழலில் நீலம். எங்கள் பக்கம் ஆசிரமத்துச் சுவர் மேல் நடக்கிற மயிலைப் பார்த்த எந்தப் பிள்ளையும் இரண்டையும்தான் சொல்லும். அந்தப் பாவாடை சீல் வைத்த உறையில் கோர்ட்டில்தானே கிடக்கிறது? எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வக்கீலம்மா சொல்கிறார், அப்பீலில் காகிதத்தைத்தான் படிப்பார்கள், பிள்ளையை மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்று. அது நல்லதுதான், அவள் இன்னொரு தடவை சொல்ல வேண்டாம். ஆனால் குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விக்கு அவள் வெகுநேரம் தலையைக் குனிந்துகொண்டு துப்பட்டாவைப் பிசைந்தாளே, அது காகிதத்தில் இல்லை. நிறம் மாறியது மட்டும் இருக்கிறது.

துணியை வைத்துத் தப்பித்த கதை வேறும் உண்டு. 2021 ஜனவரி, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை. பெண்ணுக்கு 12 வயது. கொய்யாப்பழம் தருகிறேன் என்று வீட்டுக்குள் கூட்டிப்போனவன் மார்பில் கை வைத்திருக்கிறான். உடைக்கு மேல்தானே தொட்டான், தோலோடு தோல் படவில்லையே, ஆகவே போக்சோவில் சொல்கிற பாலியல் தாக்குதல் ஆகாது என்று மூன்று வருஷத்தை ஒரு வருஷமாக்கினார்கள். எழுதியவர் ஒரு பெண் நீதிபதி. துணிதான் ஐயா என் பிழைப்பு. வாயில், காடா, பாப்ளின் என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்வேன். பிள்ளையின் உடம்புக்கு ஒன்றும் தெரியாமல் பண்ணுகிற துணியை நான் இதுவரை வெட்டியதில்லை.

அந்தத் தீர்ப்பை அதே வருஷம் நவம்பர் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நாட்டின் அட்டர்னி ஜெனரலே அதை எதிர்த்துப் போனார். ராஜஸ்தானில் ஒரு வாத்தியார் மேல் இருந்த போக்சோ கேஸை, பெண்ணின் அப்பாவோடு சமாதானம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் முடித்துவைத்தது. சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர்கள் டெல்லி வரை போய், 2024 நவம்பரில் அந்தக் கேஸுக்கு உயிர் கொடுத்தார்கள். என் வீட்டுக்கும் சமாதானத்துக்கு ஆள் வந்தது. கல்யாணச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நான் கத்திரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசி அனுப்பினேன். நாளைக்கு எனக்கும் தப்பான தீர்ப்பு வந்தால் எந்த அட்டர்னி ஜெனரல் வருவார்?

விடுதலையை எதிர்த்து அப்பீல் போகிற உரிமை 2009 கடைசியிலிருந்து எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் அவன் போட்ட அப்பீலில் எதிர்த் தரப்பு அரசாங்கம்தான். அரசு வக்கீல் என் மகளின் முகத்தைப் பார்த்ததில்லை.

தப்பு செய்யாதவனை உள்ளே வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. முகலிவாக்கத்துச் சிறுமி கேஸ் ஞாபகம் இருக்கும். 2017 பிப்ரவரியில் அவளைக் கொன்றுவிட்டார்கள். பிடிபட்டவனுக்கு 2018இல் செங்கல்பட்டு கோர்ட் தூக்கு என்றது, சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. அவனுடைய வக்கீலுக்குத் தயாராகவே நேரம் கொடுக்கவில்லை, போலீஸ் சொன்ன கேமரா பதிவைக் கோர்ட்டில் காட்டவே இல்லை என்பதெல்லாம் காரணம். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். அப்படியென்றால் அந்தக் குழந்தையைக் கொன்றது யார்? ஊரே கொதிக்கிறது என்று அவசரமாகக் கேஸ் நடத்தினார்கள். எட்டு வருஷம் கழித்து அந்த ஓட்டைகளைச் சொல்லிக் கட்டை மூடினார்கள். பெற்றவர்கள் இனி எந்தக் கதவைத் தட்டுவது?

எங்கள் கேஸ் எப்போது வரும் என்று கேட்கத் திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போய்வந்தேன். லிஸ்டில் வரும்மா என்றார்கள். என் மகள் இதற்குள் பெரியவளாகிவிட்டாள்.

அப்பீலுக்கும் ஒரு கெடு வையுங்கள் ஐயா. தண்டனை பெற்றவனை வெளியே விடுவதற்கு முன்னால் பிள்ளையைப் பெற்றவளை ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் கேஸில் அவன் நிரபராதி என்றே உங்களுக்குப் பட்டாலும் சரி, அந்த உறையைப் பிரித்து, பாவாடையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.