பால்வாடிப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயர் எங்கே?

 

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறங்குகிறது. எடையில் இரண்டு கிலோ குறைந்தால் நாம் சும்மா விடுவோமா? கேரளாவுக்கு லாரி ஏறும் ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டு உண்டு, கணக்கு உண்டு, கையெழுத்து உண்டு. கணக்கில் இத்தனை கறாரான உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் மஹல்லாவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் பெயர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறது?

பதில் வராது. நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. கபரஸ்தான் கணக்கு இருக்கிறது. சந்தா நோட்டு இருக்கிறது. பிறந்தவனுக்கும் போனவனுக்கும் இடையில், எழுத்தறியத் தொடங்கும் பிள்ளைக்கு மட்டும் நம்மிடம் ஏடு இல்லை!

இதன் விளைவு என்ன? மண்டியில் மூட்டை தூக்கும் சகோதரனின் வீட்டைப் பாருங்கள். அவனுடைய மூன்று வயதுக் குழந்தை ஒன்று வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். அல்லது கழுத்தில் டை கட்டி ஏதாவது ஒரு நர்சரிக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த டைக்கும், வேனுக்கும், டேர்ம் பீஸுக்கும் தகப்பன் எங்கே போகிறான்? தண்டல்காரனிடம் போகிறான்! வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோம். தெருமுனையில் இலவசமாக ஒரு பள்ளி இருக்க, பிள்ளையின் முதல் எழுத்தை வட்டிப் பணத்தில் எழுத வைக்கிற நிலைக்கு அவனைத் தள்ளியது யார்? "பால்வாடியா? அது ஒண்ணும் இல்லாதவங்க போற இடமாச்சே" என்று முகம் சுளித்த நாம்தானே?

இது தர்மம் அல்ல!

சிலர் இதைக் கஞ்சித்தொட்டி என்று நினைக்கிறார்கள். வரலாறு தெரியாததால் வந்த நினைப்பு இது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிக்குப் போகும் முன் உள்ள பிஞ்சுகளையும் அதில் சேர்த்தார். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு தருவதைச் சட்டபூர்வ உரிமையாகவே ஆக்கிவிட்டது.

பணம் யாருடையது? நீங்கள் வாங்கும் சோப்பில் வரி. லாரிக்கு ஊற்றும் டீசலில் வரி. மூட்டை தூக்குபவன் குடிக்கும் டீயின் சர்க்கரையில் வரி. கட்டிய வரியில் பங்கு கேட்பது பிச்சையா?

வருமானச் சான்று வேண்டுமோ, வறுமைக்கோட்டு அட்டை வேண்டுமோ என்ற பயமும் வேண்டாம். வறுமைக்கோட்டைத் தகுதியாக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004லேயே உத்தரவிட்டுவிட்டது. பிள்ளை இருந்தால் போதும், அதுவே தகுதி.

அங்கே என்னதான் கிடைக்கிறது? சோறு மட்டும் அல்ல. பாட்டு, கதை, விளையாட்டு வழியாக முன்பருவக் கல்வி. மதியம் சமைத்த உணவு. வாரத்தில் சில நாள் முட்டை. குழந்தையை எடை பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். தடுப்பூசி தவறினால் நினைவூட்டுகிறார்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு உண்டு. தக்காளியின் எடை தெரிந்த நமக்குப் பிள்ளையின் எடை தெரியுமா? ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் முடிந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அந்தக் கொள்கையை எதிர்ப்பவர்களும் மறுக்காத உண்மை இது. அந்த ஆறு வருடத்தை வாசற்படியில் கழித்த பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு எப்படி ஓட முடியும்?

சாக்குப்போக்குகள்

"அங்கே நம்மவர் யாரும் டீச்சர் இல்லையே" என்கிறார்கள். பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தால் அதுவே அவர்களுக்கு விடுதலைப் பணம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை நாம் பயானில் சொல்வதில்லையா? அவர்கள் முஸ்லிம்களா? போர்க்களத்தில் வாள் தூக்கியவனிடமே கல்வியை வாங்கிய சமுதாயம், அடுத்த தெரு அக்காவிடம் வாங்கத் தயங்குவதா?

"சாப்பாடு எப்படி இருக்குமோ" என்கிறார்கள். அரிசி, பருப்பு, காய்கறி, முட்டை. இதில் ஹராம் எங்கே வந்தது? சந்தேகம் இருந்தால் நேரே போய் அடுப்பைப் பாருங்கள். தாய்மார்கள் பார்க்கப் போவதை யாரும் தடுக்க முடியாது.

"மக்தப் கெட்டுவிடும்" என்கிறார்கள். மக்தப் விடியற்காலையிலும் மாலையிலும். அங்கன்வாடி பகலில். இரண்டும் எங்கே மோதுகின்றன?

"அங்கே ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை, தூங்க வைக்கிறார்கள்" என்பது நான்காவது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். கணக்கெடுப்பு, எடை, பதிவேடு, செல்போனில் பதிவு என்று அத்தனை சுமையையும் ஒரு பெண்ணின் தலையில் அரசு ஏற்றி வைத்திருக்கிறது. அந்த அரசைக் கேட்க வேண்டியது யார்? பிள்ளையை அனுப்பாதவன் எந்த வாயால் கேட்பான்? கேட்டால் நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2019ல் தமிழக அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. 2022ல் அந்த வகுப்புகளைப் பள்ளிகளிலிருந்து எடுக்க முடிவானது. எதிர்ப்பு எழுந்தது. அரசு முடிவை மாற்றிக்கொண்டது. அனுப்பிய பெற்றோர் இருந்ததால்தான் அந்தக் குரலுக்கு வலு இருந்தது!

சட்டம் நம் பக்கம்

சச்சார் குழு 2006 நவம்பரில் அறிக்கை தந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்றது அந்த அறிக்கை. மேடைக்கு மேடை அதைப் பேசினோம். ஆனால் அதே 2006ல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டத்தின் முதல் அம்சம் என்ன தெரியுமா? சிறுபான்மையினர் கணிசமாக வாழும் பகுதிகளில் அங்கன்வாடி அமைப்பது! முதல் அம்சத்தையே எத்தனை பேர் படித்தோம்?

அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. கிராமத்திலோ குடிசைப் பகுதியிலோ ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து, அங்கே அங்கன்வாடி இல்லை என்றால், மக்கள் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும். கவனியுங்கள்: கேட்ட நாளிலிருந்து! கேட்காதவனுக்கு அந்த மூன்று மாதம் தொடங்குவதே இல்லை.

பள்ளி நடத்தும் நம் அறக்கட்டளையினருக்கும் ஒரு வார்த்தை. தனியார் பள்ளிகள் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது. சட்டம் உங்களை விட்டுவிட்டது. மனசாட்சி விட்டதா? லோடுமேன் பிள்ளைக்கு நீங்களாகவே நாலு இடம் ஒதுக்கினால் யார் தடுப்பார்கள்?

இனி என்ன செய்ய வேண்டும்?

இளைஞர்களே! உங்கள் வேலை இது. ஒரு நோட்டை எடுங்கள். வீடு வீடாகப் போய் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரும் வயதும் எழுதுங்கள். மையம் இருந்தால் தாய்மார்களை அழைத்துப் போய்ச் சேர்த்துவிடுங்கள். 40 பேர் இருந்தும் மையம் இல்லையா? ஜமாஅத் முத்திரையோடு மனு எழுதி, குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும், திங்கட்கிழமை திண்டுக்கல்லில் கலெக்டரின் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

வணிகர்களே! உங்களிடம் கேட்பது சந்தா அல்ல. உங்கள் கடையில் மூட்டை தூக்குபவனிடம் நாளைக் காலை ஒரு வார்த்தை கேளுங்கள்: "உன் பிள்ளை எங்கே இருக்கிறது?" மையத்துக்குக் கட்டிடம் இல்லை என்றால் காலியாகக் கிடக்கும் உங்கள் கட்டிடத்தைக் காட்டுங்கள்.

படித்த நம் பெண்களே! அங்கன்வாடிப் பணியிடங்கள் உள்ளூர்ப் பெண்களுக்கு உரியவை. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். நம்மவர் இல்லையே என்ற குறையும் அப்போது தீரும்.

ஓதச் சொல்லித் தொடங்கிய வேதத்தை நெஞ்சில் சுமக்கும் சமுதாயம் நாம். அடுத்த ஜும்ஆவுக்கு வரும்போது அந்த நோட்டோடு வாருங்கள். எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்ப்போம். அதன் பிறகு அரசிடம் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்!